முப்பத்தேழு தலைகள்

"அப்பாவுக்குத் தெரியாது" என்று சுகந்தி சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. கண்ணில் முதல் சொட்டு மருந்து விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தேன், மூடிய கண்ணைப் பார்த்து நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள் என் மகள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் போனில் மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் நான் இருபத்தொன்பது வருஷம் சினிமாக் கொட்டகை இருட்டில் காதை வைத்து வேலை பார்த்தவன். "ஆமாங்க, நான்தான் கட்டினேன், ரெண்டு தடவை. நூறு நூறா இருநூறு ஓட்டு. அவ்வளவு இருந்தாத்தான் மொதப் பக்கத்துல நிக்குமாம். இன்னிக்குப் பன்னெண்டு மணியோட முடிஞ்சிரும், அப்புறம் யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா குதிப்பாரு." சொட்டு மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்ட மருந்து நாக்கில் கசக்கும் என்று யாரும் சொல்லவில்லை. விழுங்கினேன். மறுபடியும் கசந்தது. குதிப்பாரு என்கிறாள். நான் எப்போது குதித்தேன், அறுபத்தொன்பது வயதில் யாரிடமும் குரலை உயர்த்தினது மூன்று தடவை, மூன்றும் நினைவிருக்கிறது, ஒன்றுகூட இவளிடம் இல்லை. கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தேன், திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், சிஸ்டர் திறக்கக் கூடாது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று, அரை மணி நேரத்தில் கண்பாப்பா விரிந்து பக்கத்தில் உள்ள எழுத்தெல்லாம் கலங்கிவிடும், சாயங்காலம் வரை படிக்க முடியாது என்றார்கள். அதாவது பன்னிரண்டு மணிக்கு என்ன நடந்தாலும் என்னால் அதை என் கண்ணால் பார்க்க முடியாது. இதையும் இவள் கணக்குப் பண்ணித்தான் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாளா. இல்லை, சீ, டோக்கன் போட்டது இருபது நாளுக்கு முன்னால், அப்போது அந்தப் பதிவை நான் எழுதவே இல்லை. மனது எங்கெல்லாம் போகிறது. ஒரு இடத்தில் ஏமாந்தவனுக்கு எல்லா இடத்திலும் ஓட்டை தெரிகிறது.

ஊருணி என்கிற எழுத்துத் தளத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்ததே அவள்தான். "ஜன்னல்ல உக்காந்து எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கீங்களேப்பா, அதை எழுதுங்க, படிக்க ஆள் இருக்கு" என்றாள். எட்டாவது வரை படித்தவன் எழுதி யார் படிப்பார்கள் என்றேன். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், படித்தவர்களுக்குப் பிடித்தால் ஓட்டுப் போடுவார்கள், ஓட்டுக்குத் தக்க நாணயம் விழும், ஏழு நாள் கழித்து அந்தப் பதிவின் எண்ணிக்கையை முடித்துப் பூட்டிவிடுவார்கள், மாதத்துக்கு ஒரு தடவை ஒரே நாளில் பூட்டுகிற பதிவுகளில் முதல் பத்து இடத்தில் நிற்பவை அவர்கள் மாதாமாதம் போடுகிற மலரில் அச்சாகும். நாணயத்தைப் பற்றி நான் நினைத்ததில்லை. ஓட்டைப் பற்றி நினைத்தேன். ஓட்டு என்றால் ஒருவர் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்திருக்கிறார் என்று அர்த்தம், ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தலை என்பது மாதிரி. முதல் பதிவு எங்கள் தெருவில் உள்ள வேப்பமரங்களைப் பற்றியது, பதினேழு மரம், எது எந்த வீட்டு வாசலில், எதில் காக்கைக்கூடு, எதில் கேபிள் வயர். படித்தவர் நான்கு பேர், ஓட்டு ஒன்று. அந்த ஒன்றைப் போட்டவர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார், "ஐயா, பதினேழில் எத்தனை பூத்திருக்கிறது?" என்று. நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய் எண்ணிவிட்டு வந்து பதில் போட்டேன், ஒன்பது. அவர் பெயர் ஜெயராக்கினி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் அங்கன்வாடி டீச்சர். நேரில் பார்த்ததில்லை. மூன்று வருஷத்தில் முந்நூற்று எண்பத்தெட்டுப் பதிவு எழுதிவிட்டேன், சராசரிக்கு நாற்பது பேர் படிப்பார்கள், நல்ல நாளில் பன்னிரண்டு ஓட்டு விழும். பன்னிரண்டுக்கு மேலே போனதில்லை. பன்னிரண்டு பேர் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. இருந்ததா. இருந்தது என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, வெரலு ஆடுது, சீட்டாட்டமா?" பக்கத்து நாற்காலியில் ஒரு கனத்த குரல். வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பதாக முதல் சொட்டுக்கு முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தார். "எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன். "எதைங்க?" "சும்மாதான்." "சும்மா எண்றவன் ஒண்ணு கடங்காரனா இருக்கணும், இல்ல கடன் குடுத்தவனா இருக்கணும். நீங்க எது?"  நான் எது. எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்காரலாம், கண் மூடியவன் எங்கே போவது. அவர் முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்டது, கண் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஏன் பசிக்கிறது என்று தெரியவில்லை.

அந்தப் பதிவுக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு என்று பெயர் வைத்திருந்தேன். கொட்டகையைப் பற்றி அதுவரை நான் எழுதினதில்லை. ஊருணியில் இப்போது காசு கட்டினால் ஓட்டு வாங்கித் தருகிறவர்கள் வந்துவிட்டார்கள், எந்திரம் மாதிரி நிமிஷத்துக்கு இருபது ஓட்டுப் போடுகிறார்கள், அது நியாயமா இல்லையா என்று ஒரு மாதமாகச் சண்டை நடந்தது. எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. தெரிந்ததை எழுதினேன். பெரிய படம் வந்தால் முதல் மூன்று நாள் ஆட்டத்துக்குப் படக்காரர்களே டிக்கெட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள், அறுநூற்று நாற்பது டிக்கெட்டும் கிழிந்துவிடும், உள்ளே டார்ச் அடித்து எண்ணினால் நூற்றுப்பத்துத் தலைதான் இருக்கும், ஆனால் வெளியே ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டப்படும். போர்டைப் பார்த்து மறுநாள் கூட்டம் வரும். வந்த கூட்டம் நிஜம், அதற்குக் காரணமான போர்டு பொய். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தார்கள், முதலாளிக்கு நஷ்டமில்லை, சர்க்காருக்கு வரி போயிற்று, யாருடைய பையிலும் யாரும் கை விடவில்லை. பிறகு என்ன தப்பு என்று கேட்பீர்கள், போஸ்டர் ஒட்டுவது இல்லையா, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது இல்லையா என்று கேட்பீர்கள். போஸ்டர் வாருங்கள் என்று சொல்கிறது. வாங்கின டிக்கெட் வந்துவிட்டார்கள் என்று சொல்கிறது. கூப்பிடுவதற்குக் காசு கொடுக்கலாம், வந்ததாகச் சொல்வதற்குக் கொடுக்கக் கூடாது. இதைத்தான் எழுதினேன், இரண்டரைப் பக்கம், ஒன்பது நாள் யோசித்து. ஊர் முன்னால் யாரையும் நான் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். அதற்குத்தான் இவள் காசு கட்டியிருக்கிறாள். வேறு எந்தப் பதிவுக்காவது கட்டியிருக்கக் கூடாதா, வேப்பமரத்துக்குக் கட்டியிருக்கலாம், பஸ் ஸ்டாண்டு நாய்களுக்குக் கட்டியிருக்கலாம். வாங்கின டிக்கெட் கூடாது என்று சொல்கிற படத்துக்கே இருநூறு டிக்கெட் வாங்கி என் வாசலில் போர்டு மாட்டிவிட்டாள். நான் உள்ளே நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். படித்தவர் முப்பத்தேழு. ஓட்டு இருநூற்றுப் பதினான்கு. ஊருணிப் பக்கத்தில் இரண்டு எண்ணும் அடுத்தடுத்து நிற்கும், யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன், அது என் வேலை. முப்பத்தேழு தலை, இருநூற்றுப் பதினான்கு டிக்கெட்.

இருட்டில் எண்ணுவதற்கு டார்ச் தேவையில்லை, சொல்லப்போனால் டார்ச் அடித்தால் திட்டுவார்கள். இரும்பு நாற்காலி, ஆள் எழுந்தால் இருக்கை தானாக மடங்கி டப் என்று முதுகில் அடிக்கும். இடைவேளையில் எத்தனை டப், படம் முடிவதற்கு முன் எத்தனை டப், டிக்கெட் கிழித்துவிட்டுக் கதவருகில் நின்று எண்ணிக்கொள்வேன், விநியோகஸ்தர் அனுப்புகிற ரெப் கணக்குக் கேட்கும்போது என் எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகாது. மாசிலாமணி சொன்னா சரி என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு சின்னப் படம் வந்தது, தெரிந்த முகம் யாரும் இல்லை, செவ்வாய் மேட்னிக்கு நாற்பத்தொன்பது பேர். புதன் மேட்னிக்கு அறுபத்துமூன்று. அந்தப் படத்தின் டைரக்டரே வந்திருந்தார், முப்பது வயதுக்காரர், கசங்கின சட்டை, கதவருகில் என் பக்கத்தில் நின்றுகொண்டார், படத்தைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தார். "அண்ணே, இன்னிக்கு எத்தனை?" "அறுவத்துமூணு." "நேத்து?" "நாப்பத்தொம்பது." "ஏறுதுல்ல?" "ஏறுது." "எந்திரிச்சுப் போனது?" "ரெண்டு. ஒருத்தர் திரும்பி வந்துட்டாரு." அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை பெரிய படம், டிக்கெட் முழுக்க வாங்கியாயிற்று, சின்னப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அவர் வியாழக்கிழமை மறுபடி வந்தார், எண்ணிக்கை கேட்டார், எழுபத்தொன்று என்று சொன்னேன், நாளைக்கு உங்கள் படம் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும், முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். சொல்லவில்லை. எழுபத்தொன்று என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நூற்றுப்பத்துத் தலைக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டப்பட்டது. மாட்டப்பட்டது என்றுதான் பதிவிலும் எழுதினேன், யார் மாட்டியது என்று எழுதவில்லை. ஏணி போட்டு ஏறி மாட்டியது நான். ஒன்பது நாள் யோசித்தவனுக்கு அந்த ஒரு வரி எழுத வரவில்லை.

"இன்னொரு சொட்டு, தலையைத் தூக்குங்க தாத்தா" என்று சிஸ்டர் வந்தாள், குளிர்ந்த விரல் இமையை விரித்தது, வெளிச்சம் வெள்ளைத் துணி மாதிரி உள்ளே வந்து போயிற்று, அந்த ஒரு நொடியில் சுகந்தியின் சேலை நிறம் தெரிந்தது, முகம் தெரியவில்லை, கன்னத்தில் மருந்து வழிந்தது, யாரோ பஞ்சால் துடைத்தார்கள். துடைத்தது சுகந்தி. பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "எரியுதாப்பா?" என்று கேட்டாள். சின்ன வயதில் அவளுக்குச் சீயக்காய் கண்ணில் பட்டால் நான் இப்படித்தான் கேட்பேன். "மணி என்ன?" என்றேன். "பதினொண்ணு அஞ்சு." வாழைக்காய் மண்டிக்காரர் "பதினொண்ணு ஏழு" என்றார், "என் வாச்சு பேங்குக்காரன் பாத்து வைக்கிற வாச்சு." கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது. மகளிடம் கேட்க வேண்டியதைக்கூட நான் மூன்று தடவை மனதில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். "நீ பேசினது கேட்டுச்சு" என்றேன். பஞ்சு கன்னத்தில் அப்படியே நின்றது.

"தூங்கலையா நீங்க?" "இல்ல." பஞ்சைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். பிறகு ஒரேயடியாகப் பேசினாள், அவள் அம்மா மாதிரி, தப்பு தன் பக்கம் இருந்தால் வேகமாகப் பேசுவாள். "அது திருட்டு இல்லப்பா. அந்தத் தளத்துலயே எல்லாரும் செய்றாங்க, தப்புன்னா அவங்களே நிறுத்தியிருக்க மாட்டாங்களா? மேல இருக்குற ஒம்பது பேர்ல எத்தனை பேரு கட்டாம வந்தாங்கன்னு நெனக்கிறீங்க? நீங்க பாட்டுக்கு மூணு வருஷமா எழுதிட்டே இருக்கீங்க, பன்னெண்டு பேரு, அதே பன்னெண்டு பேரு. கண்டதை எழுதுறவன்லாம் மேல நிக்கிறான். நல்லா எழுதினதை நாலு பேரு பாக்கணும்னு நெனச்சது தப்பா?" "மூணாவது எடத்துல நிக்குது" என்றேன். "ஆமா, நின்னா என்ன?" "பத்து எடம்தான் இருக்கு." எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பத்து எடம்தான் இருக்கு என்பதில் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கூடுதலாக ஒரு நாற்காலி போட முடியும் என்றால் எவன் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிவிட்டுப் போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள். "அதுல ஒரு கமெண்ட் வந்துச்சே" என்றேன். இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "படிச்சதும் என் அப்பா நினைவுக்கு வந்தார்னு ஒருத்தர் எழுதியிருந்தாரே." சுகந்தி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நூறு ஓட்டுக்குப் பத்து கமெண்ட் சேத்துத் தருவாங்கப்பா." "அது அந்த இருபதுல ஒண்ணா?" "தெரியலப்பா. எது அவங்க போட்டது, எது நெசமா வந்ததுன்னு எனக்கும் தெரியல."

அந்தக் கமெண்டைப் படித்த அன்று நான் மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். கண் கலங்கிவிட்டது என்பதால் போனேன், வீட்டில் அப்போது யாரும் இல்லை, இருந்தாலும் போனேன். அந்த ஆளின் அப்பா எந்த ஊர், என்ன வேலை பார்த்திருப்பார், அவரும் கொட்டகையில் டிக்கெட் கிழித்திருப்பாரா என்று மாடியில் நடந்துகொண்டே யோசித்தேன், மாடியின் நீளம் இருபத்திரண்டு அடி, பதினாறு தடவை நடந்தேன். அந்த அப்பா இருந்தாரா இல்லையா என்றே இப்போது தெரியவில்லை. வாங்கின ஓட்டு என்று எடுத்துப் போட்டுவிட்டால் போய்விடும், இருநூற்றுப் பதினான்கில் இருநூறு கழித்தால் பதினான்கு, அது சுத்தமான கணக்கு. பதினான்கு. முந்நூற்று எண்பத்தெட்டுப் பதிவில் பன்னிரண்டைத் தாண்டாதவனுக்கு இந்தத் தடவை நிஜமாகவே பதினான்கு பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், என்றைக்கும் இல்லாத நாள், அந்த இரண்டு பேருக்காக நான் சந்தோஷப்பட்டிருப்பேன், ஒரு வாரம் சந்தோஷப்பட்டிருப்பேன், அதை இவள் எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டாள். கூட்டத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டை எடுத்துப் போடலாம், சொல்லை எப்படி எடுத்துப் போடுவது. "அருமை ஐயா" என்று இனி யார் எழுதினாலும் உள்ளே ஒருவன் டார்ச் அடித்துப் பார்ப்பான். ஜெயராக்கினி எழுதினால்கூடப் பார்ப்பானா. பதினேழில் எத்தனை பூத்திருக்கிறது என்று கேட்டதை யாராலும் விலைக்கு வாங்க முடியாது, அது ஒன்றாவது நிற்கிறது. நிற்கட்டும்.

பத்தாவது இடத்துக்கு அறுபத்தோரு ஓட்டு. பதினோராவது ஜெயராக்கினி, ஐம்பத்தெட்டு. எடைமெஷின் என்று ஒரு பதிவு எழுதியிருந்தார். அவர் அங்கன்வாடி சென்டரில் எடைபோடும் மெஷினின் முள் முந்நூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது, மேலே இருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கூட்டின எடைதான் வேண்டும், பிள்ளைகள் தேறிவிட்டதாக எழுதிக்கொள்ளலாம், இவர் ஒவ்வொரு தடவையும் முந்நூறு கழித்து எழுதித் திட்டு வாங்குகிறார். படித்துவிட்டு நான் இரண்டாம் தடவை படித்தேன். அதற்கு ஐம்பத்தெட்டுப் பேர் ஓட்டுப் போட்டார்கள், படித்தவர்கள் நூற்று நாற்பது, நான் பார்த்தேன், இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். "ஐயா, நான் பதினொண்ணுல நிக்கிறேன். மலர்ல வந்தா வெட்டி எங்க சென்டர் சுவத்துல ஒட்டணும்னு ஆசை, சூப்பர்வைசர் வந்தா பாக்கட்டும். நீங்க மூணுல இருக்கீங்க, அதுவே எனக்குச் சந்தோஷம்." நான் பதில் எழுதினேன். "இன்னும் நாள் இருக்கிறது. கிடைக்கும்." எத்தனையாவது நாள் எழுதினேன் அதை. மூன்றாவது நாள். மூன்றாவது நாள்தான். இந்த இடத்துக்கு வந்து நான் திரும்பத் திரும்ப நின்றுவிடுகிறேன், பதினொன்றரை மணிக்குள் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வேறு பக்கம் திரும்பிவிட்டேன், கொட்டகைக்குப் போனேன், டைரக்டரிடம் போனேன், மாடிக்குப் போனேன். மகள் ஏமாற்றினாள், மகள் ஏமாற்றினாள் என்று சொட்டு மாதிரி விட்டுக்கொண்டே இருந்தேன். படித்தவர் எண்ணையும் ஓட்டு எண்ணையும் நான் முதலில் எப்போது சேர்த்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை, ஆறு மணி பத்து நிமிடம், காப்பி ஆறுவதற்கு முன்னால். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் பார்த்த வேலை, தெரியாமல் போகுமா. யார் வாங்கினார் என்றுதான் தெரியாது, வாங்கினது என்று தெரியும். நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன், மறுநாள் அந்த அப்பா கமெண்ட் வந்தது, அதன்பிறகு எழுத மனம் வரவில்லை, ஒருவேளை படிக்காமலே பிடித்திருக்கும், ஒருவேளை பக்கத்தின் எண்ணிக்கை பழுதாகியிருக்கும், ஒருவேளை ஒரே போனில் பத்துப் பேர் சேர்ந்து படித்திருப்பார்கள் என்று ஐந்து நாளாக ஒவ்வொரு ஒருவேளையாகக் கண்டுபிடித்தேன். மூன்றாவது இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஜெயராக்கினிக்குக் கிடைக்கும் என்று எழுதினபோது அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தது நான். அப்பாவுக்குத் தெரியாது என்று இவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது எதற்காக, அவள் சொன்னது பொய் என்பதால், அந்தப் பொய்யை அவளுக்குக் கொடுத்தவன் நான் என்பதால்.

"மணி என்ன?" "பதினொண்ணு முப்பத்தெட்டு" என்றார் மண்டிக்காரர், "ரயிலு பிடிக்கணுமா உங்களுக்கு?" "போனைப் பிடி" என்றேன் சுகந்தியிடம். "என் போனை. பதிவை விலக்கிக்கிறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அதுக்குக் கீழ காரணம் எழுதச் சொல்லும். நான் சொல்றதை எழுது." அவள் கையில் போனைக் கொடுத்தேன், இமையைக் கொஞ்சம் திறந்தபோது எனக்கு அதன் திரை வெள்ளையாக ஒரு ஜன்னல் மாதிரித்தான் தெரிந்தது. "விலக்கிக்கிட்டாப் போதும்லப்பா, காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்ல. சும்மா விலகினா பெருந்தன்மைன்னு நெனப்பாங்க." "அதான் எழுதணும்ங்கிறேன்." "ஊரே சிரிக்கும். மூணு வருஷம் எழுதினதெல்லாம் கெட்டுப்போயிரும். வாங்கின ஓட்டு தப்புன்னு எழுதினவரே வாங்கிட்டாருன்னு சொல்லுவாங்கப்பா, வேணாம், கெஞ்சிக் கேக்குறேன்." அவள் சொன்னது அத்தனையும் சரி. அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இருப்பது அந்த முந்நூற்று எண்பத்தெட்டுத்தான். மாசிலாமணி சொன்னா சரி என்கிற ஒன்றுதான்.  "எழுதும்மா" என்றேன்.

என் போனில் தட்டுகிற சத்தத்தை நான் நிறுத்தி வைப்பதில்லை, கண்ணாடித் திரையில் விரல் பட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, சத்தம் வந்தால்தான் எழுத்து விழுந்ததாக நம்பிக்கை, ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் இடைவெளிக்கும் டிக், டிக். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "ஹவுஸ்ஃபுல் போர்டு என்ற என் பதிவுக்கு வந்த இருநூற்றுப் பதினான்கு ஓட்டில் பதினான்குதான் வாசகர் போட்டது." டிக் டிக் என்று ஓடியது, நடுவில் நின்று நின்று ஓடியது. "மீதி இருநூறும் காசு கட்டி வாங்கியவை." ஓடியது. "கட்டியவர் என் வீட்டைச் சேர்ந்தவர்." இங்கே கொஞ்சம் தாமதித்து ஓடியது. "பேரு போடணுமாப்பா?" என்று கேட்டாள், குரல் சின்னதாக இருந்தது. "வேணாம். கட்டினது நீன்னாலும் உக்காந்தது நான்." "இதை எழுதணுமா?" "அது உனக்குச் சொன்னது." மண்டிக்காரர் முறுக்குக் கடிப்பதை நிறுத்திவிட்டார். "கொட்டகையில் அந்தப் போர்டை ஏணி போட்டு மாட்டியவன் நான்." ஓடியது. பிறகு கடைசி வரி. மூன்று தடவை மனதில் சொல்லிப் பார்த்தேன், நான்காம் தடவை வாய்விட்டுச் சொன்னேன், "இரண்டாம் நாளே எனக்குத் தெரியும்."

சத்தம் இல்லை. தூரத்தில் ஒரு பிள்ளை அழுதது, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், நாற்பத்தொன்று, என்னுடையது நாற்பத்துநான்கு. "எழுதிட்டியா?" "எழுதிட்டேன்ப்பா." "படி." படித்தாள். முதல் வரியிலிருந்து நிதானமாக, ஒரு சொல் பிசகாமல் படித்தாள், கடைசியில் "இரண்டாம் நாளே எனக்குத் தெரியும்" என்றும் படித்தாள், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரலில். இல்லாததைப் படித்தாள். அப்பாவைத் தெரியாதவராகவே வைத்துவிட வேண்டும் என்று, தெரியாத அப்பாவை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று. எனக்காக இரண்டு தடவை கட்டினாள், இது மூன்றாவது தடவை. எனக்குத் தொண்டையில் மறுபடியும் அந்தக் கசப்பு இறங்கியது. சரி என்று சொல்லிவிடலாம். என் கண்ணால் பார்க்க முடியாது, அவள் படித்தாள், நான் நம்பினேன், அவ்வளவுதான், யார் கேட்கப் போகிறார்கள். பதிவை விலக்கினால் போதும், ஜெயராக்கினி பத்துக்கு வந்துவிடுவார், சுவரில் ஒட்டிக்கொள்வார், ஒரு வரி குறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம். எழுபத்தொன்று என்று சொன்னதும் ஒருவர் என் கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது. சுகந்தியின் கையைத் தேடி எடுத்தேன், போனோடு சேர்த்து. அதுவும் சூடாகத்தான் இருந்தது.

"சுகந்தி, கடைசி வரிக்குச் சத்தம் வரல."

 "மணி பன்னெண்டாகப் போவுதும்மா, அப்பா சொல்றதைத்தான் செஞ்சிரேன்" என்றார் மண்டிக்காரர், அவருக்கு என்ன புரிந்ததோ. கையை விடுவித்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், இந்த நாற்காலிகள் மடங்குவதில்லை, போனாலும் எனக்குத் தெரியாது. பிறகு ஆரம்பித்தது. டிக். நெடுநேரம் கழித்து இன்னொன்று. நான் விரலை மடக்காமல் எண்ணினேன். ஏழு, எட்டு, இடைவெளி. பதினான்கு. இருபத்து இரண்டு. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நடுவே வந்தது, அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது முற்றுப்புள்ளி. அந்த வரிக்கு அத்தனை தட்டுதான், சரியாக இருந்தது. "நாப்பத்துநாலு, மாசிலாமணி" என்று கூப்பிட்டார்கள், எழுந்தேன், ஆனால் நகரவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அனுப்புகிற பட்டனுக்கும் அதே சத்தம்தான், "தாத்தா, உங்களைத்தான்" என்றாள் சிஸ்டர் பக்கத்தில் வந்து, "ஒரு நிமிஷம்" என்றேன், இருட்டில் கதவருகே நிற்பது மாதிரி நின்றேன், முப்பத்துமூன்று கேட்டது.